முயலின் பின்னே ஓடிய நாய்

2018 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. மழையைக் கண்டு பல வாரங்கள் ஆகியிருந்த கென்யா நாட்டு லைக்கிப்பியாச் சமவெளியில், அன்று விடிகாலையில் மட்டும் சிறிது குளிர் இருந்தது. எட்டு மணிக்குள் அதுவும் கலைந்தது. வானில் மேகம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. கென்யா மலையின் சிகரம் வழக்கத்தைவிட முன்னதாகவே புழுதி மங்கலுக்குள் மறைந்தது. கிழக்கிலிருந்து வீசிய காற்று காய்ந்த புல்லை அசைத்ததேயன்றி எவரையும் குளிர்விக்கவில்லை.

இத்தகைய நாளில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, கிமோசோப் நாய்க்கொட்டிலின் கதவைத் திறந்தான்.

அவன் அச்சமவெளியில் இருந்த வனவிலங்குக் காப்பகம் ஒன்றின் நாய்ப்பிரிவில் பணிபுரிபவன். திருட்டு வேட்டைக்காரர்களின் தடத்தை மோப்பம் பிடித்துச் செல்லும் நாய்களுள் ஒன்று அவன் பொறுப்பில் இருந்தது. தொங்கிய காதுகளும் கவலைப்பட்டவர் போலச் சுருங்கிய நெற்றியும் உடைய அந்தக் கறுப்புப் பெட்டைக்கு மவிங்கு என்று பெயர். உண்ணிக் காய்ச்சலில் விழுந்து, இரண்டு மாதம் கொட்டிலின் சிமெண்டுத் தரையில் படுத்தே கிடந்து, அண்மையில்தான் அது எழுந்திருந்தது. மாத இறுதியில் அதற்கு ஒரு சோதனை வைக்கப்படவிருந்தது. தேறினால் மீண்டும் தடம் பார்க்கும் வேலை. தேறாவிட்டால், பிரதான வாயிலில் நின்று, வந்துபோகும் வண்டிகளை முகர்ந்து பார்க்கும் வேலை. நாய் எங்கு நிற்கிறதோ அங்குதான் அதை நடத்துபவனும் நிற்க வேண்டும் என்பது பிரிவின் விதி.

ஓரிடத்தில் நிற்பது என்பதைக் கிமோசோப்பால் நினைத்துப் பார்க்கவும் இயலவில்லை. அவன் இட்டென் மலைப்பகுதியைச் சேர்ந்தவன். அங்கே பால் வாங்கப் போகிறவனும் ஓடித்தான் போவான். இளமையில் அவன் வெளிநாட்டு மாரத்தான்களில் ஓடியிருக்கிறான். ஆனால் ஒன்றைக்கூட முடித்ததில்லை. ஏனெனில் அவன் அங்கே வெற்றி பெற அழைக்கப்பட்டவன் அல்லன். வெற்றி பெறப்போகிறவனுக்கு முன்னே ஓடி, வேகத்தைப் பிடித்துக் கொடுத்து, பாதிக்கு மேல் சென்றதும் ஓரமாக ஒதுங்கிவிட வேண்டியவன். அந்த வேலை செய்பவனை ஓட்டக்காரர்கள் முயல் என்பார்கள். முயலுக்கு உரிய முதல் பாடம், திரும்பிப் பார்க்காதே என்பது. பார்த்தால் வேகம் குலையும். பின்னால் வருகிறவன் வருவான். வர முடியாதவன் விழுவான். அது முயலின் கவலை அன்று. இந்தப் பாடத்தை அவன் தன் கால்களுக்குள் இறக்கி வைத்திருந்தான். கால்களோ அதை மறக்கவே இல்லை.

நாய்ப்பிரிவின் தலைவி ஸ்யோம்புவா, மவிங்குவைத் தேற்றுவதற்கு வேறொரு வழியை வகுத்திருந்தாள். விடியற்காலையில் புல்தரையில் சிறு நடை. வாரம் கழித்துச் சற்று நீண்ட நடை. அதற்குப் பின்புதான் மெல்லோட்டம். மேட்டில் ஏறுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

முதல் நாளே கிமோசோப் முகம் சுளித்தான்.

“அஃபாண்டே, இது வேட்டைநாயா, இல்ல கல்யாணப் பொண்ணா? இப்படி அன்ன நடை நடந்தா என்னைக்கு ஓடும்?”

அஃபாண்டே என்பது சீருடைக்காரர்கள் தம் மேலதிகாரியை விளிக்கும் சொல். அவன் அதை எப்போதும் மரியாதையாகத்தான் சொன்னான். அதற்குப் பின்னால் வரும் சொற்களில்தான் மரியாதை சற்றுக் குறையும்.

“மொதல்ல பாதம் இறுகட்டும்,” என்றாள் ஸ்யோம்புவா. “ரெண்டு மாசம் படுத்துக் கிடந்தவ. உள்ளங்கால் கொழந்தை கால் மாதிரி இருக்கு, தொட்டுப் பாரு. பாதம், அப்புறம் மூச்சு, அதுக்கப்புறம்தான் வேகம். ஒருநாள் உழைச்சா ஒருநாள் படுக்கணும். வெயில் ஏறிட்டா வெளிய எடுக்காத. தரையில புறங்கைய வெச்சுப் பாரு. உன் கை தாங்கலன்னா அவ கால் தாங்காது.”

“எங்க ஊர்ல ஓடுறவன்…”

“உங்க ஊர்ல ஓடுறவனுக்கு வாய் இருக்குய்யா. வலிச்சா நின்னுடுவான், உன்னத் திட்டுவான். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். இவளுக்கு வேர்க்கவும் வேர்க்காது, திட்டவும் தெரியாது. நீ போதும்னு சொல்ற வரைக்கும் வருவா. எனக்குப் பயமே அதுதான்.”

அவன் தலையசைத்தான். தலையசைப்பது ஒப்புக்கொள்வதாகாது என்பதை அவளும் அறிந்திருக்கலாம்.

ஏளனம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. லெகூபே என்ற சம்புரு இனத்து இளைஞன் பிரிவின் மற்றொரு நாயை நடத்துபவன், காப்பகத்தின் மண்ணில் பிறந்தவன், நாக்கு நீண்டவன். அவனும் கிமோசோப்பும் தடம் பார்ப்பதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர். அன்றும் காலைத் தேநீரின்போது எல்லோர் முன்னிலையிலும் அவன் குரலை உயர்த்தினான்.

“ஏ முயலு! நாய் முயலத் துரத்தும்னு கேள்விப்பட்டிருக்கேன். முயல் நாயைக் கூட்டிக்கிட்டு வாக்கிங் போறத இங்கதான்பா பாக்குறேன்!”

“மாசக் கடைசில பாரு. இவ ஓடுறப்ப நீ பைக்குல வந்தாலும் பின்னாலதான் வருவ.”

“வாசல்ல ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்களாம் உனக்கு. உக்காந்துகிட்டே ஓடலாம்!”

எல்லோரும் சிரித்தார்கள். கிமோசோப்பும் சிரித்தான், மிச்சத் தேநீரை மண்ணில் கொட்டிவிட்டு எழுந்தான்.

உண்மையில், சில நாள்களாகவே அவன் ஸ்யோம்புவாவின் ஒழுங்கை மீறிக்கொண்டிருந்தான். அவள் கண்ணில் படாத வேளைகளில் மவிங்குவை ஓட விட்டான். ஓய்வு நாள் என்பதையும் அதற்குக் கொடுக்கவில்லை. அது ஒவ்வொரு நாளும் அவன் பின்னே வந்தது. வந்ததையே அவன் வலிமை எனக் கொண்டான். இரவில் அது தன் பாதங்களை நெடுநேரம் நக்கிக்கொண்டிருந்ததை அவன் கண்டான். நாய் என்றால் நக்கும் என்று நினைத்தான்.

அன்று ஸ்யோம்புவா மருந்து வாங்க நன்யுகி நகரத்துக்குச் சென்றிருந்தாள். எனவே அவன் நாயின் தோல்வாரைக் கழற்றித் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, சிறிய தண்ணீர்ப் புட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, செம்மண் சரளைச் சாலையில் இறங்கினான். பழைய விமானத் தளத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பைக் கம்பம் வரை ஓடித் திரும்புவது என்று முடிவு. தரையில் புறங்கையை வைத்துப் பார்க்க அவன் குனியவில்லை.

ஓட்டம் இனிதாக இருந்தது. இதை அவன் பின்னர் நினைத்தபோதெல்லாம் கூசினான். ஆயினும் அது இனிதாகவே இருந்தது. முதலில் பின்னால் நாயின் நகங்கள் சரளையில் தட்டும் ஓசை கேட்டது. பிறகு காற்றின் ஓசை மிகுந்தது. மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கடந்தான். இருபுறமும் வரிக்குதிரைகள் விலகி நின்றன. அவன் மார்பு விரிந்தது. கால்கள் பழைய தாளத்தைக் கண்டுகொண்டன. முன்னே கம்பம் தெரிந்தது. யாருக்காகவும் ஒதுங்க வேண்டாத ஓட்டம். முடிவு வரை தனக்கே உரிய ஓட்டம். அவன் வேகத்தைக் கூட்டினான்.

கம்பத்தைக் கையால் தொட்டு நின்றான். புட்டியைத் திறந்து இரண்டு வாய் குடித்தான். மீதியைப் பந்தய நாள்களின் பழக்கப்படி தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான். நீர் பிடரி வழியே முதுகில் இறங்கிய குளிர்ச்சியில் ஒரு கணம் கண்களை மூடினான்.

நாய்ப்பிரிவில், நாய் நீர் அருந்தும் முன் மனிதன் அருந்துவதில்லை. அவன் அதை நினைத்துக்கொண்டு திரும்பியபோது புட்டி காலியாக இருந்தது.

மவிங்கு வந்துகொண்டிருந்தது. ஓடியும் அன்று, நடந்தும் அன்று; குடித்தவன் போலப் பக்கவாட்டில் சரிந்து, சரிந்த பக்கத்திலிருந்து தன்னை மீட்டு, மறுபடியும் சரிந்து வந்தது. நாக்கு அகன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. அதன் கண்கள் மட்டும் அவன் மீதே நிலைத்திருந்தன. அவன் காலடிக்கு வந்து சேர்ந்ததும், வேலை முடிந்தது என்பதுபோல மடிந்து விழுந்தது.

அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தான். ஈறு சூளையிலிருந்து எடுத்த செங்கல் நிறத்தில் இருந்தது. எச்சில் பசைபோல இழுபட்டது. பாதத்தைத் திருப்பினான். உள்ளங்காலின் கறுத்த தோல் உரிந்து, உள்ளிருந்த செஞ்சதையில் சரளைத் துகள் அப்பியிருந்தது. நான்கு பாதங்களும் அப்படியே.

புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினான். ஒரு துளி விழுந்தது.

நிழல் இல்லை, வானொலிக் கருவியையும் அவன் எடுத்து வரவில்லை. தண்ணீர்த் தொட்டியைவிட அருகில் நீரும் இல்லை. நாயைத் தோளில் குறுக்காகப் போட்டு, முன்கால்களை ஒரு கையிலும் பின்கால்களை மறு கையிலும் பற்றிக்கொண்டு வந்த வழியே விரைந்தான். அனல் மூட்டை ஒன்றைச் சுமப்பது போலிருந்தது.

தடம் பார்ப்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு: கண் தரையை விட்டு விலகாது. வேண்டாம் என்று நினைத்தாலும் அது படித்துக்கொண்டே போகும். அன்று அவன் அந்தச் சாலையைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்க வேண்டியவனானான்.

கம்பத்தின் அருகே, தடம் நெளிந்து நெளிந்து, ஒவ்வொரு பாதத்தின் கீழும் இரத்தப் பொட்டு. அதற்கு முன்னே, புழுதியில் ஒரு நீண்ட பள்ளம். அங்கே அது படுத்திருக்கிறது. படுத்த இடத்தில் எச்சில் உலர்ந்திருந்தது, பின் எழுந்திருக்கிறது. அவனுடைய காலணித் தடம் அந்த இடத்தின் ஓரமாகவே சென்றது. நேராக, அளவாக, ஒரு தயக்கமும் இல்லாமல். இன்னும் முன்னே சென்றால் மற்றொரு படுக்கை. அங்கும் எழுந்திருக்கிறது. அதற்கும் முன்னே, நகங்கள் தரையைக் கீறி இழுபட்ட கோடுகள். சாலை நெடுக அவனுடைய தடம் மட்டும் ஒரே சீராக இருந்தது. அதைக் காணக் காண அவனுக்கு அந்தத் தடத்தின் மீதே வெறுப்பு உண்டாயிற்று.

தொட்டிக்கு அருகில் வந்தபோது அவன் கால்கள் தாமாகவே நின்றன.

இங்கே நாயின் தடம் சாலையை விட்டு விலகித் தொட்டியை நோக்கிச் சென்றிருந்தது. நீரின் மணம் எட்டியிருக்க வேண்டும். பாதி தூரம் சென்றிருக்கிறது. அங்கே நின்றிருக்கிறது; நான்கு பாதங்களும் ஆழமாகப் பதிந்திருந்தன; அவன் நிற்பானா என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு அந்தத் தடம் நீரைத் தொடாமலே வளைந்து, சாலைக்கு, அவனுடைய தடத்துக்கு, திரும்பி வந்திருந்தது.

அவன் நாயைத் தொட்டிக்குள் இறக்கித் தலையை மட்டும் தன் முழங்கையில் தாங்கிக்கொண்டான். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் கைகளால் நீரை அள்ளி ஊற்றினான். அது ஒருமுறை நாவை நனைத்துக்கொண்டது. அந்தச் சிறு ஓசைக்காக அவன் உலகம் முழுவதையும் கொடுத்திருப்பான்.

மோட்டார் சைக்கிள் ஒன்றின் ஒலி கேட்டது. லெகூபே முகாமின் பக்கத்திலிருந்து மெதுவாக, மிக மெதுவாக, தரையைப் பார்த்தபடியே வந்துகொண்டிருந்தான். சாலையின் முற்பகுதியை அவன் முதலிலிருந்து படித்துக்கொண்டு வருகிறான் என்பது கிமோசோப்புக்குப் புரிந்தது. தொட்டியருகே வண்டியை நிறுத்திய லெகூபே, விலகிச் சென்று வளைந்து திரும்பிய அந்தத் தடத்தின் மேல் கண்ணை வைத்தான். வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை.

ஏளனத்துக்காகக் கிமோசோப் காத்திருந்தான். அது வரவில்லை.

“உயிர் இருக்கா?” என்றான் லெகூபே.

“இருக்கு.”

“தூக்கு. நான் ஓட்டுறேன், நீ மடியில வெச்சுக்க. காத்து படட்டும்.”

ஈரம் சொட்டும் நாயை நடுவில் வைத்துக்கொண்டு ஏறியபின், லெகூபே வண்டியைக் கிளப்பாமல் முன்னே பார்த்தபடி பேசினான். “இன்னும் கொஞ்ச நேரத்துல மாடுங்க தண்ணிக்கு வந்துடும். வந்தா ரோடு முழுக்க மிதிச்சுரும். ஒண்ணும் தெரியாது.”

கிமோசோப் நாயின் தலையைத் தன் கையில் தாங்கிக்கொண்டான்.

“முள்ளு மேல மிதிச்சுட்டான்னு சொல்லிக்கலாம். நான் ரேடியோவுல அப்படித்தான் சொல்லப்போறேன். நீ வாயத் தொறக்காம இரு, போதும்.”

அவன் அப்படியே சொன்னான். கிமோசோப் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை. மறுக்காததற்காக ஓர் ஆறுதல் தன்னுள் ஊறியதையும் அவன் உணர்ந்தான். அன்றைய கசப்புகளுள் மிகக் கசந்தது அந்த ஆறுதல்தான்.

ஸ்யோம்புவா நகரத்திலிருந்து திரும்பியிருந்தாள். முள்ளெடுக்கும் இடுக்கியும் புண்மருந்தும் மேசையில் தயாராக இருந்தன. நாயை மேசையில் கிடத்தியதும் அவள் ஈறைப் பார்த்தாள், இடுக்கியை ஒதுக்கினாள், வெப்பமானியை எடுத்தாள்.

“இது முள்ளு இல்ல.” அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். “எவ்வளவு தூரம்? எங்க விழுந்தா? எத்தன தடவ? கடைசியா எப்பத் தண்ணி குடிச்சா? சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரிதான் நான் மருந்து ஏத்தணும்.”

லெகூபே கூரையைப் பார்த்தான். மேசையின் மேல் மவிங்குவின் விலா எலும்புகள் வேகமாக ஏறி இறங்கின.

“அஃபாண்டே,” என்றான் கிமோசோப். “காத்துப்பைக் கம்பம் வரைக்கும் ஓட்டுனேன்.”

“இந்த வெயில்லயா?”

“ஆமா. ரெண்டு தடவ படுத்துருக்கா. மூணாவதா கம்பத்துகிட்ட விழுந்தா.”

“படுத்துருக்கான்னா? நீ பாக்கலையா?”

“பாக்கல. தடத்துலதான் பாத்தேன். திரும்பி வர்றப்ப.”

அவள் கை ஒரு கணம் நின்று, மறுபடி இயங்கியது. “தண்ணி?”

“தொட்டியில நாக்க நனைச்சா.”

“அதுக்கு முன்னால? கம்பத்துல குடுத்தியா? புட்டி கொண்டு போனயில்ல?”

இந்தக் கேள்வி வரும் என்று அவன் வண்டியில் வரும்போதே அறிந்திருந்தான். இல்லை என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. அதற்கு மேல் மருத்துவத்துக்கு எதுவும் தேவையில்லை. ஆனால் அந்தச் சொல்லின் பின்னே ஒளிந்துகொள்ள அவனுக்கு இடமில்லாமல் போயிற்று.

“குடுக்கல. நான் குடிச்சேன். மிச்சத்த என் தலையில ஊத்திக்கிட்டேன்.”

அவன் தலைமுடி எப்போதோ காய்ந்துவிட்டது. ஆயினும் இன்னும் ஈரமாயிருப்பது போல அவன் கையை உயர்த்தித் தடவிக்கொண்டான்.

ஸ்யோம்புவா திட்டவில்லை. காலில் ஊசி ஏற்றி, நீர்மருந்துப் பையைத் தொங்கவிட்டு, ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். பாதங்களைக் கழுவிக் கட்டினாள். ஒரு கட்டத்தில் நிமிராமலே கையை நீட்டினாள்.

“வார்.”

அவன் இடுப்பிலிருந்து தோல்வாரை அவிழ்த்தான். சுற்றிச் சுற்றி வந்தது. முடிவே இல்லாதது போலத் தோன்றியது. அதை அவள் லெகூபேயிடம் கொடுத்தாள். கிமோசோப் வாசலை நோக்கி நடந்தான். அந்த அறையில் இனி ஒரு கணமும் தன்னால் நிற்க இயலாது என்று அவனுக்குப் பட்டது.

பின்னால் மேசை அதிர்ந்தது. மவிங்கு கட்டுப்போட்ட கால்களை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பு ஊறியது.

“உக்காரு!” என்று கத்தினாள் ஸ்யோம்புவா. அவள் கத்தியது நாயைப் பார்த்து அன்று. “உக்காருய்யா! நீ எழுந்து போனா அவளும் வருவா. இன்னுமா புரியல உனக்கு?”

அவன் அங்கேயே, மேசைக்கு எதிரே, தரையில் உட்கார்ந்தான். நாய் அவன் உட்கார்ந்ததைப் பார்த்து, மெல்லத் தலையைச் சாய்த்தது.

அதன்பின் அவன் அசையவில்லை. கால் மரத்துப்போனது. ஈ ஒன்று அவன் இமையில் அமர்ந்து எழுந்தது. ஒவ்வொரு முறை அவன் தோள் சற்று அசைந்தாலும் மவிங்குவின் காது உயர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும் தன்னைப் பின்தொடர அது ஆயத்தமாயிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததுதான் அவனுக்குக் கொடிது. அடி விழுந்திருந்தால் தாங்கியிருப்பான்.

நடுப்பகலுக்குப் பின் லெகூபே தேநீர்க் கோப்பையுடன் வந்து அவனருகில் வைத்தான்.

“கிமோசோப், டீ.”

பெயரைச் சொல்லி அவன் அழைத்தது அதுவே முதல் முறை. முயலு என்று அழைத்திருக்கலாகாதா என்று கிமோசோப் ஏங்கினான்.

வெயில் சாய்ந்தபோது ஸ்யோம்புவா வெப்பமானியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பொழைச்சுக்குவா,” என்றாள். “உள்ளங்கால்ல தோல் வரணும். சோதனை கெடக்கட்டும், இந்த மாசம் கெடையாது. தோல் வந்தப்புறம் லெகூபே புல்லுல நடத்துவான். மொதல்லேருந்து.”

“நான், அஃபாண்டே?”

“வாசலுக்கு ஆள் கேட்டுருக்காங்க.”

“சரி.”

“நாயில்லாம.”

“சரி.”

அவள் மேசையைப் பார்த்தாள். மவிங்கு கண்களை மூடியிருந்தது. விலா இப்போது நிதானமாக ஏறி இறங்கியது. “தூங்கிட்டா. இப்பப் போ. சத்தம் போடாத.”

அவன் கையை ஊன்றி எழுந்தான். நாய் விழித்துக்கொண்டால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும் என்பதால், முதுகைக் காட்டாமல், அதன் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி அடியெடுத்து வைத்தான். கோப்பையைக் காலால் தட்டிவிடாமல் விலகினான். நிலைப்படி குதிகாலில் தட்டியது. அதைத் தாண்டும்போது, மூடிய கண்களோடே, மவிங்குவின் வால் மேசையில் ஒருமுறை தட்டி ஓய்ந்தது. எழவில்லை.

வெளியே, கொட்டிலின் சுவரில் லெகூபே தன்னுடைய பெயருக்குக் கீழிருந்த ஆணியில் மவிங்குவின் தோல்வாரை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் திரும்பவில்லை. அப்போது மணி பிற்பகல் நான்கு பத்து.